பல் பிடுங்கிய பின்



பல் பிடுங்குவதென்றால் அஞ்சாதவர் நம்மிடையே மிகச் சிலரே. வைத்தியரின் நாற்காலியிலே அமரும்வரை அச்சம்; ஊசி ஏறும்வரை அச்சம்; பல் வெளியே வந்து கிண்ணத்தில் விழுந்த ஓசை கேட்டதும், 'அப்பாடா, முடிந்தது' என்னும் ஆறுதல். இந்த ஆறுதல்தான் பலரை இடருக்குள்ளே தள்ளிவிடுகிறது. பல் வெளியே வந்ததும் வைத்தியருடைய வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. நம்முடைய வேலை அப்பொழுதுதான் தொடங்குகிறது. அந்த வேலையைப் பற்றியே இன்று உங்களுடன் பேச எண்ணுகிறேன்.

நான் வைத்தியனல்லன். வரலாறும் தமிழும் கற்றுப் பட்டம் பெற்று, முப்பது ஆண்டுகளாகப் பாடசாலைகளிலே காலங்கழித்து வருபவன். இப்பொருள் பற்றிப் பேச எனக்குள்ள தகுதி ஒன்றே ஒன்றுதான்: செய்யத் தகாதவை என்று வைத்தியர்கள் சொல்வன அனைத்தையும் ஒருமுறை ஒழுங்காகச் செய்து, அதன் பயனை முழுமையாக அனுபவித்தவன். பின்னர் பேராதனையிலே பல் வைத்தியம் பயின்று வந்த என் பழைய மாணவர் ஒருவரிடம் மாணவனைப் போல அமர்ந்து கேட்டறிந்தவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன்.

2016ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையிலே, கீழ்த்தாடையின் வலப்புறத்திலிருந்த என் ஞானப்பல்லைப் பிடுங்கினார்கள். வைத்தியர் பஞ்சுச் சுருளொன்றைக் கடிக்கத் தந்து, அச்சிட்ட கடதாசி ஒன்றையும் கையிலே கொடுத்தார். 'வினாத்தாளை இருமுறை வாசியுங்கள்' என்று ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்லி வருகின்ற நான், அந்தக் கடதாசியை ஒருமுறையேனும் வாசிக்காமல் மடித்துச் சட்டைப்பையிலே வைத்துக்கொண்டேன். அன்று மாலையே, வாயைத் துப்புரவாக வைத்திருக்க வேண்டுமென்ற நல்லெண்ணத்தோடு, சூடான உப்புநீரை வாயிலே கொண்டு ஏழெட்டு முறை பலமாகக் கொப்பளித்துத் துப்பினேன். மறுநாள் உறவினர் வீட்டுத் திருமணம். மென்று தின்பது தவறென்று அறிந்திருந்தமையால் விருந்தைத் தவிர்த்து, அதற்குப் பதிலாகச் செவ்விளநீர் ஒன்றைக் குழல் வைத்து அடிவரை உறிஞ்சிக் குடித்தேன். பத்தியம் காத்துவிட்டதாகவே எனக்குப் பெருமை.

மூன்றாம் நாள் இரவு நோவு தொடங்கியது. பல் இருந்தபோது கண்ட நோவு இதன்முன் விளையாட்டு எனலாம். தாடையிலே தோன்றிக் காதுக்குள்ளே ஏறி, நெற்றிப்பொட்டு வரை தெறித்தது. வாயிலே ஒருவிதத் துர்நாற்றமும் கசப்பும் வேறு. கண்ணாடியிலே பார்த்தபோது, பல் இருந்த இடத்திலே செந்நிறமான புண்ணைக் காணவில்லை. வெறுங்குழியும் அதனடியிலே சாம்பல் நிறமான எலும்பும் தெரிந்தன. மறுநாட் காலை வைத்தியரிடம் சென்றேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. குழியை மெல்லக் கழுவி, கராம்புச் சாரம் கலந்த மருந்துத் துணியொன்றை அதனுள்ளே வைத்தார். ஒரு மணித்தியாலத்துக்குள்ளே நோவு பாதியாய்க் குறைந்தது. வீட்டுக்கு வந்த பின்னர்தான் சட்டைப்பைக் கடதாசியை எடுத்து வாசித்தேன். அதிலிருந்த விதிகளுள் நான் மீறாத விதி ஒன்றேனும் உண்டா என்று தேடிப் பார்த்தேன். 'மது அருந்தற்க' என்பது மாத்திரம் எஞ்சியது.

எனக்கு நேர்ந்ததை உலர்குழி என்று சொல்வார்கள். அமெரிக்கரான குரோபோர்ட் என்பவர் 1896ஆம் ஆண்டிலே இதனை முதன்முதலாக விவரித்து எழுதினார். சாதாரணமாகப் பிடுங்கப்படும் பற்களில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரையில் இது நேர்கிறது. கீழ் ஞானப்பல்லை அறுத்தெடுக்கும்போது இதனினும் பன்மடங்கு கூடுதலாக நேர்கிறது. புகைப்பவர்களுக்கும், கருத்தடை வில்லைகளை உட்கொள்ளும் பெண்களுக்கும் இதற்கு இடம் அதிகம். ஏன் நேர்கிறது என்பதை விளங்கிக்கொண்டால், கடதாசியிலுள்ள விதிகளை மனனஞ் செய்யத் தேவையே இராது. ஒவ்வொன்றும் தானாகவே விளங்கும்.

பல்லானது தாடையெலும்பிலே ஆணி அறைந்தாற்போல இறுகி நிற்பதன்று. எலும்பிலுள்ள குழியொன்றினுள்ளே, மிக நுண்ணிய நார்களாற் கட்டப்பட்டு நிற்கிறது. வைத்தியர் பல்லை முன்னும் பின்னுமாக அசைப்பது இந்நார்களை அறுத்துக் குழியின் வாயைச் சற்றே விரிப்பதற்காக. பல் வெளியேறியதும் குழியிலே குருதி நிறைகிறது. குருதியிலுள்ள சிறுதட்டுகள் அறுந்த குழாய்களின் வாயை அடைக்கின்றன. பைபிரின் என்னும் நார்ப்பொருள் வலைபோலப் பின்னிக்கொள்கிறது. சில நிமிடங்களிலே குழி நிறையக் குருதிக்கட்டி உறைந்துவிடுகிறது. இந்தக் கட்டியைப் பலர் அழுக்கென்று நினைக்கிறார்கள். நாவினால் துழாவி, துப்பி, கொப்பளித்து அகற்றிவிட முயல்கிறார்கள். உண்மையிலே அது எலும்பையும் நரம்பு நுனிகளையும் காற்றும் எச்சிலும் உணவும் தீண்டாமல் மூடி நிற்கும் மூடியாகும். அதுமட்டுமன்று, புதிய இழையங்கள் வளர்வதற்கு அதுவே நாற்றுமேடை. முதல் வாரத்திலே நுண்ணிய குருதிக்குழாய்கள் கட்டிக்குள்ளே ஊடுருவுகின்றன. மூன்று நான்கு வாரங்களிலே முரசு, அதாவது ஈறு, பெரும்பாலும் மேலே மூடிக்கொள்கிறது. அடியிலே எலும்பு நிறைவதற்கோ மாதக் கணக்காகும். அந்தக் கட்டி கரைந்தாலோ பெயர்ந்தாலோ எலும்பு திறந்துவிடுகிறது. அதுவே உலர்குழி.

ஆகவே, முதல் இருபத்துநான்கு மணித்தியாலங்களிலே நமக்குள்ள கடமை அந்தக் கட்டியை இருந்த இடத்திலே இருக்கவிடுவதுதான். தந்த பஞ்சுச் சுருளை அரை மணித்தியாலம் வரை இறுகக் கடித்திருக்க வேண்டும். இடையிடையே எடுத்துப் பார்ப்பது கூடாது. விதை முளைத்ததா என்று மண்ணைக் கிளறிப் பார்க்கும் சிறுவனின் செயலாய் அது முடியும். எச்சிலைத் துப்பாமல் விழுங்கிவிட வேண்டும். துப்பும்போதும், குழலால் உறிஞ்சும்போதும், புகையை இழுக்கும்போதும் வாய்க்குள்ளே ஏற்படும் இழுவிசை கட்டியைப் பெயர்க்கவல்லது. அன்று முழுவதும் கொப்பளித்தல் ஆகாது. சூடான தேநீரும் வேண்டாம். சூடு குருதிக்குழாய்களை விரித்து மீண்டும் குருதி பாயச் செய்யும். ஆறிய தேநீர் அருந்தலாம். தேநீர் ஆறினால் அது தேநீரேயன்று என்று வாதிடுவோர் நம் நாட்டிலே பலர் உளர். அன்னார் ஒருநாள் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கிணற்றிலே தண்ணீர் அள்ளுதல், மூட்டை தூக்குதல், குனிந்து முற்றம் பெருக்குதல் ஆகிய வேலைகளை அன்றைக்கு வேறொருவரிடம் விடுதல் நன்று. நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த ஓய்வு கிடைப்பதில்லை; காலையிலே பல்லைப் பிடுங்கிவிட்டு மாலையிலே அடுப்படியில் குனிந்து நிற்பவர்களை நான் கண்டிருக்கிறேன். வீட்டிலுள்ள ஆண்கள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பார்களாயின், அன்றைய சமையலைத் தாங்கள் பொறுப்பேற்பார்களாக. படுக்கும்போது தலையை இரண்டு தலையணைமேல் உயர்த்தி வைத்தால் வீக்கமும் குருதிக் கசிவும் குறையும். பனிக்கட்டியைத் துணியிலே சுற்றிக் கன்னத்தின் வெளிப்புறத்திலே பத்து நிமிடம் வைப்பதும் பத்து நிமிடம் எடுப்பதுமாக முதல் நாளிலே செய்யலாம். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாட்களிலேதான் உச்சமடையும்; அதனைக் கண்டு கலங்கவேண்டியதில்லை. அதன்பின் வடியத் தொடங்க வேண்டும்.

முதல் நாளிலே எச்சில் இளஞ்சிவப்பாயிருப்பது இயல்பே. ஒரு துளி குருதி ஒரு வாய் எச்சிலிலே கலந்தால், பார்ப்பவருக்குக் குடம் குருதி போனதாகத் தோன்றும். ஆயினும் வாய் நிறையக் குருதி பெருகுமாயின், நிமிர்ந்து உட்கார்ந்து, துப்புரவான துணியை நனைத்துப் பிழிந்து உருட்டிக் குழியின் மேலே வைத்து, மணிக்கூட்டைப் பார்த்து முழுதாக அரை மணித்தியாலம் கடியுங்கள். வீட்டிலே தேயிலைப் பை இருந்தால், அதனை வெந்நீரில் நனைத்து, நன்றாக ஆறவிட்டுப் பிழிந்து அவ்வாறே கடிக்கலாம். தேயிலையிலுள்ள தனின் என்னும் துவர்ப்புப்பொருள் குழாய்களைச் சுருக்கிக் குருதியை உறையச் செய்வதிலே துணைபுரியும். இருமுறை செய்தும் நிற்காவிடில், இரவென்றும் பாராமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

குருதியைப் பற்றிய இன்னொரு செய்தியைப் பல்லைப் பிடுங்குமுன்னரே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். இருதய நோய்க்காகவும் பாரிசவாதத்துக்காகவும் அஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்பரின் முதலிய மருந்துகளை நாள்தோறும் உட்கொள்வோர் இக்காலத்திலே ஊருக்கு ஊர் உளர். இவை குருதி உறைவதைத் தாமதப்படுத்தும். இதைக் கேள்வியுற்ற சிலர், பல் பிடுங்குவதற்கு ஒரு வாரம் முன்பே தாமாகவே மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். இது பெரும் ஆபத்து. பல்லிலே கசியும் குருதியைக் கடித்தும் தைத்தும் நிறுத்திவிடலாம். மருந்தை நிறுத்தியதால் இருதயத்திலோ மூளையிலோ குருதி உறைந்துவிட்டால் அதனைச் சரிசெய்வது எளிதன்று. நிறுத்துவதோ தொடர்வதோ, இரு வைத்தியர்களும் கூடித் தீர்மானிக்க வேண்டியது. நீரிழிவு உடையவர்களும், எலும்புத் தேய்வுக்காக மருந்து பெறுபவர்களும் அதனை மறவாமற் சொல்ல வேண்டும். எலும்பை வலுப்படுத்தும் சில மருந்துகளினால், பல் பிடுங்கிய இடத்திலே தாடையெலும்பு ஆறாமற் போவதுண்டென்று 2003ஆம் ஆண்டிலே கண்டறியப்பட்டது.

மறுநாள் தொட்டு உப்புநீர். ஒரு கோப்பை இளஞ்சூட்டு நீரிலே அரைத் தேக்கரண்டி உப்பு. உணவுக்குப் பின்னர் நாளொன்றுக்கு நான்குமுறை. நான் செய்தாற்போலக் கொப்பளித்துப் பீச்சுவதன்று. நீரை வாயிலே கொண்டு தலையை இப்பக்கமும் அப்பக்கமும் சாய்த்து, பின் வாயைத் திறந்து தானாக வழியவிட வேண்டும். ஏனைய பற்களை வழக்கம்போலத் துலக்கலாம், துலக்கவும் வேண்டும். குழியருகே மட்டும் தூரிகை செல்லாதிருக்கட்டும். வாய் நாறுகிறதென்று கரித்தூளையும் உமிக்கரியையும் எடுத்துத் தேய்ப்பவர்கள், புண் ஆறும்வரை அவற்றை மறந்திருப்பது நல்லது.

உணவைப் பற்றி நமது அன்னையர்க்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆறிய பாற்கஞ்சி, குழைத்த சோறு, பால் விட்டு ஊறிய இடியப்பம், காரமில்லாத சொதி, கதலி வாழைப்பழம் ஆகியவை போதும். மற்றப் பக்கத்தால் மெல்ல வேண்டும். முறுக்கு, பகோடா, கச்சான், எள்ளுருண்டை என்பன துணுக்குகளாய் உடைந்து குழியிலே புகுந்துகொள்ளும். 'கூழ் மெதுவானதுதானே' என்று ஒடியற்கூழைக் கேட்பவரும் உண்டு. அதன் கொதிப்பையும் மிளகாய்க் காரத்தையும் உள்ளே மறைந்திருக்கும் மீன் முள்ளையும் எண்ணிப் பாருங்கள். பத்து நாள் கழித்துக் குடித்தாலும் அதன் சுவை குறையாது.

நோவுக்குப் பரசிற்றமோல் போதியதாயிருக்கும். விறைப்பு நீங்குமுன்னரே முதல் வேளையை உட்கொண்டால் நலம். வளர்ந்தவர்கள் 500 மில்லிகிராம் வில்லைகளை ஒரு நாளைக்கு எட்டுக்கு மேற்படாமல் உட்கொள்ளலாம். ஈரல் நோயுடையவர்கள் வைத்தியரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும். அஸ்பிரினைத் தாமாக உட்கொள்வது குருதிக் கசிவைக் கூட்டும். அதனைப் பொடித்துப் புண்ணிலே வைப்பது அதனினும் கேடு. அமிலம் பட்டு முரசு வெந்துபோகும். கராம்பு எண்ணெயைத் தாமே ஊற்றுவதும் அவ்வாறே. வைத்தியர் அளந்து துணியிலே வைப்பது வேறு, நாம் போத்தலைச் சரிப்பது வேறு. முன்பொருகால் யாருக்கோ தந்து எஞ்சியிருக்கும் நுண்ணுயிர்கொல்லிக் குளிசைகளை அலுமாரியிலிருந்து தேடி விழுங்குவதும் வேண்டாம்.

இனி, சிறுவரைப் பற்றி ஒரு சொல். ஊசி போட்டபின் உதடும் கன்னமும் இரண்டு மூன்று மணித்தியாலங்கள் மரத்திருக்கும். அந்த மரப்பு இன்றைய காலத்தின் பெரும் பேறு. 1844ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே ஹொறஸ் வெல்ஸ் என்னும் அமெரிக்கப் பல் வைத்தியர், சிரிப்பூட்டும் வாயுவைச் சுவாசித்துத் தமது பல்லையே பிடுங்குவித்துக்கொண்டார். அதற்கு ஏறக்குறைய நூறாண்டின் பின், 1943இலே, சுவீடன் நாட்டிலே லிக்னோகெயின் உருவாக்கப்பட்டது. இடையிலிருந்த தலைமுறைகள் பட்ட பாட்டை எண்ணிப் பார்க்கவேண்டும். ஆனால் சிறுபிள்ளைக்கு இந்த மரப்பு வேடிக்கையான விளையாட்டுப்பொருள். உதட்டைக் கடித்துக் கடித்துப் பார்க்கும். நோகாதாகையால் கடித்துப் புண்ணாக்கிவிடும். பற்சிகிச்சை முடிந்து வகுப்புக்குத் திரும்பும் பிள்ளையை, மரப்பு நீங்கும்வரை உண்ணவிடாமலும் உதட்டைக் கடிக்கவிடாமலும் கண்காணிக்கும்படி எங்கள் பாடசாலை ஆசிரியர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தானாக விழும் பாற்பல்லுக்கு இந்தக் கவலைகள் இல்லை. அதனைக் கூரையிலே எறிந்து அணிலிடம் புதுப்பல் கேட்பதோடு நம் கடமை முடிந்தது.

மேற்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை கெடும் என்றொரு நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. இந்த அச்சத்தால் சீழ்ப்பிடித்த பல்லோடு ஆண்டுக்கணக்கிலே வாழ்பவர்கள் இருக்கிறார்கள். பல்லின் உணர்ச்சியைக் கொண்டுசெல்வது மூளையிலிருந்து புறப்படும் ஐந்தாம் நரம்பின் கிளை. பார்வையைக் கொண்டுசெல்வது இரண்டாம் நரம்பு. பல்லைப் பிடுங்குவது பார்வை நரம்பைத் தீண்டுவதில்லை. சீழையோ உள்ளேயே விட்டுவைத்தல் உண்மையான ஆபத்து. பல்லிலிருந்து தொற்று நாவினடிக்கும் கழுத்துக்கும் பரவி மூச்சுக்குழாயை நெரிக்கும் நிலைமையை, 1836ஆம் ஆண்டிலே லுட்விக் என்னும் ஜேர்மானிய வைத்தியர் விவரித்திருக்கிறார். பல் பிடுங்கிய பின்னும், பிடுங்குமுன்னும், காய்ச்சலோடு தாடையின் கீழ் வீக்கம் பரவுதல், வாய் திறக்க இயலாமை, விழுங்குவதிலும் மூச்சுவிடுவதிலும் இடர் என்பன கண்டால் அது காத்திருக்கும் நேரமன்று.

வெற்றிலையைப் பற்றிச் சொல்லாமல் இப்பேச்சை முடிக்க இயலாது. பல் பிடுங்கியவர் வெற்றிலையும் சுருட்டும் தொடாதிருக்க வேண்டுமென்பது வெளிப்படை. புகைப்பவர் மூன்று நாளேனும் பொறுக்க வேண்டும், பொறுத்தவர் அப்படியே விட்டுவிட்டால் இன்னும் நலம். நான் சொல்ல வந்தது வேறு. என் பெரியம்மாவுக்கு நெடுங்காலமாகப் புகையிலையோடு வெற்றிலை போடும் பழக்கம். அறுபத்தெட்டு வயதிலே, கீழ்ப்பல் ஒன்று ஆடியது. பிடுங்கினார்கள். புண் ஆறவில்லை. 'வயதானால் அப்படித்தான்' என்றார் ஒருவர். 'உப்புநீர் போதாது' என்றார் மற்றொருவர். ஓரத்திலே சதை தடித்து வந்தது. அதில் நோவும் இல்லை. நோவில்லாததனால் ஒருவரும் கலங்கவில்லை. இரண்டரை மாதம் அவ்வாறே விட்டிருந்தோம். விட்டிருந்தவர்களுள் படித்த மனிதனாகிய நானும் ஒருவன். இறுதியிலே சிறு துணுக்கு வெட்டிச் சோதித்தபோது அது வாய்ப் புற்றுநோய் என்று தெரியவந்தது. பல் ஆடியதற்கே அது காரணமாயிருந்திருக்கக்கூடும் என்றார்கள். சத்திரசிகிச்சை செய்தார்கள்; பெரியம்மா மேலும் ஓராண்டும் நான்கு மாதங்களும் வாழ்ந்தார்.

இலங்கையிலே ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களுள் வாய்ப் புற்றுநோயே முன்னிற்கிறது. வெற்றிலை, பாக்கு, புகையிலை ஆகியவையே இதன் முக்கிய காரணங்கள். புகையிலை சேராத பாக்குங்கூடப் புற்றுநோயை விளைவிக்கும். பல் பிடுங்கிய குழியானாலும், வாயில் வேறெவ்விடத்துப் புண்ணானாலும், மூன்று வாரங்களுள் ஆறும் போக்கைக் காட்டாவிட்டால், நோவு இருந்தாலென்ன இல்லாவிட்டாலென்ன, அதனைப் பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். வெண்ணிறமாகவோ செந்நிறமாகவோ படரும் தடிப்பையும், வாய் வரவர ஒடுங்கித் திறக்க முடியாமற் போவதையும் அவ்வாறே. அரசினர் வைத்தியசாலைகளிலே இதற்குப் பணம் கேட்பதில்லை. வாயைத் திறந்து காட்டச் சில நிமிடங்களே ஆகும்.

சென்ற ஆண்டு என் மனைவிக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க நேர்ந்தது. சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த அந்தப் பழைய கடதாசி, இப்பொழுது எங்கள் சமையலறை அலுமாரிக் கதவிலே ஒட்டப்பட்டிருக்கிறது. அன்று கஞ்சி காய்ச்சியவன் நான். கஞ்சியிலே உப்பு கூடிவிட்டது என்று அவர் சொன்னார். ஆயினும் ஆறிய பின்னரே கொடுத்தேன், கரண்டியாற்றான் குடித்தார், நான்காம் நாள் பாடசாலைக்குப் படிப்பிக்கப் போய்விட்டார்.